எதிர் டீம் அம்மா

கால்பந்து மைதானத்தின் நடுக்கோடு பக்கவாட்டுக் கோட்டில் வந்து முட்டுகிற இடத்துக்கு நாலடி வெளியே, பழைய செய்தித்தாளை விரித்து, மூலைக்கு ஒரு கல் வைத்துவிட்டுத்தான் அந்தம்மா உட்காருவார். காற்றே இல்லாத நாளிலும் கல் உண்டு. குடையைத் தலைக்கு மேல் பிடிக்க மாட்டார். விரித்து முதுகுக்குப் பின்னால் தரையில் சாய்த்து வைத்துக்கொள்வார். ஏன் என்று கேட்டதற்கு, "தூக்கிப் பிடிச்சா பின்னாடி இருக்கிறவங்களுக்கு மறைக்கும்" என்றார். அவருக்குப் பின்னால் ஒருவர் இருந்து நான் பார்த்ததே கிடையாது.

ஐந்தாவது டிவிஷன் மேட்சுக்கு யார் வருவார்கள்? களத்தில் இறங்காமல் உட்கார்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரர்கள், எல்லாருடைய செல்போனையும் பைக் சாவியையும் மடியில் வைத்துக்கொண்டிருக்கிற ஒரு நண்பன், நடைப்பயிற்சிக்கு வந்துவிட்டு "இது பப்ளிக் கிரவுண்டு" என்று சண்டை பிடிக்கிற ஒரு பெரியவர், நாய்கள். இவ்வளவுதான் கூட்டம். ஜெயித்தால் அடுத்த வருஷம் நாலாவது டிவிஷன். அதற்கும் இதே கூட்டம்தான்.

நான் அந்த மேட்சுகளுக்கு ரெஃபரியாகப் போகிறவன். சில நாள் நடுவில் விசில், பல நாள் ஓரத்தில் கொடி. வயிற்றுப்பாட்டுக்குத் தி.நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. இது எப்படியோ டீம்களுக்குத் தெரிந்துபோய்விட்டது. ஆஃப்சைடுக்குக் கொடி தூக்கினால் போதும், "ஊருக்கே கண்ணாடி மாட்டி வுடுறியே நைனா, நீ ஒண்ணு மாட்டிக்கக் கூடாதா" என்று எங்கிருந்தாவது குரல் வரும். அது மரியாதையான திட்டு. மற்றத் திட்டுகளில் என் அம்மா வருவாள். இந்த ஊர் மைதானங்களில் ரெஃபரியின் அம்மாவை நினைக்காதவர் கிடையாது. என் அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. போன பிறகும் வாரத்துக்கு இரண்டு நாள் அவளைத் திட்டு வாங்க வைக்கிற பிள்ளை நான்.

அந்தம்மாவை முதலில் பார்த்தது அடையாறு பக்கம் ஒரு மாநகராட்சி மைதானத்தில். அறுபதைத் தாண்டிய வயது, வெளுத்த காட்டன் புடவை, கைத்தறிப் பை, தண்ணீர் பாட்டில். யாரோ ஒரு பையனின் அம்மா என்று நினைத்தேன். எல்லாருமே அப்படித்தான் நினைத்தார்கள். இதில் ஒரு சங்கதி இருந்தது. இந்த டீம் அவரை அந்த டீம் பையனின் அம்மா என்று நினைத்தது. அந்த டீம் இந்த டீம் பையனின் அம்மா என்று நினைத்தது. யாரும் யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. மேட்ச் நடக்கும்போது எதிர் டீமிடம் போய் "அது யார்ரா, உங்க அம்மாவா?" என்று கேட்டால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் அவருக்கு ராஜ மரியாதை. இடைவேளையில் ஆரஞ்சை அரிந்து தட்டில் வைத்துச் சுற்றுக்கு விடுவார்கள் இல்லையா, முதல் துண்டு அவருக்குப் போகும். "எதிர் டீம் அம்மா, மொதல்ல அவங்களுக்குக் குடுடா" என்று கேப்டனே சொல்லுவான். அடுத்த நிமிஷம் அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு துண்டு வரும். இரண்டையும் வாங்கிக்கொள்வார். ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைப்பார். அவர் உட்கார்ந்திருக்கிற பக்கம் கெட்ட வார்த்தையும் பாதியாகக் குறைந்துவிடும். வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிவிட்டு, "சாரிமா" என்று ஓடுவார்கள். இந்தச் சுகம் தெரிந்ததும் அந்தப் பக்கக் கொடியை நான் கேட்டு வாங்க ஆரம்பித்தேன்.

கோல் விழுந்தால் அவர் கை தட்ட மாட்டார். எவ்வளவு அழகான கோலாக இருந்தாலும் கை இரண்டும் மடியிலேயே இருக்கும். அடிபட்டு விழுந்தவன் எழுந்து நின்றால் மட்டும் தட்டுவார். அந்த ஒரு சமயத்தில்தான் இரண்டு டீமும் சேர்ந்து தட்டும், அதில் அவருடைய கையும் கலந்துவிடும். அவர் அதை யோசித்துத்தான் செய்கிறார் என்பது எனக்கு ரொம்பப் பிற்பாடுதான் உறைத்தது.

"உங்க பையன் எந்த பொசிஷன்மா?" என்று யாராவது கேட்டால் பொய் சொல்ல மாட்டார். "எல்லாரும் நல்லாத்தான் ஆடுறாங்க" என்பார். கேட்டவன் எதிர் டீமின் பெருந்தன்மையை மெச்சிக்கொண்டு போவான்.

மூன்றாவது தடவை, மூன்றாவது மைதானத்தில், வேறு இரண்டு டீம்கள் ஆடுகிறபோதும் அதே செய்தித்தாளும் நாலு கல்லும் இருந்ததைப் பார்த்தேன். டீம்களுக்கு இது தெரிய வழியில்லை. ஒரு டீம் எல்லா மேட்சையும் பார்க்காது; மறுபடி பார்த்தாலும் வெளுத்த புடவையில் ஏதோ ஒரு எதிர் டீம் அம்மா, முகத்தை யார் உற்றுப் பார்த்தார்கள்? எல்லா மைதானத்துக்கும் போகிறவன் நான் ஒருவன்தான். மேட்ச் முடிந்து கொடியைச் சுருட்டிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"அம்மா, உங்க பையன் எத்தனை டீமுக்குத்தான் ஆடுறான்?"

மாட்டிக்கொண்ட மாதிரி சிரித்தார். கல்லை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாகப் போட்டார். "எனக்குப் பையனும் இல்ல, பொண்ணும் இல்ல. கல்யாணமே இல்ல. செத்துப்போன பிள்ளை, ஃபுட்பால் ஆடின அண்ணன், அந்த மாதிரி எதுவும் தேடாதீங்க. அப்படி ஏதாவது இருந்திருந்தா சொல்லிக்கவாவது சௌகரியமா இருந்திருக்கும்."

மேற்கு மாம்பலத்தில் தனியாக இருந்தார். ஏதோ ஒரு அரசாங்க ஆபீசில் தபால் பிரிவில் இருந்து ரிடையர் ஆனவர். "முப்பது வருஷத்துக்கு மேல லெட்டர் பிரிச்சேன். ஒண்ணுகூட எனக்கு வந்தது இல்ல" என்று வேடிக்கையாகத்தான் சொன்னார். சர்க்கரை இருக்கிறது, நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் தினம் ஒரு மைதானத்தைச் சுற்றி நடந்திருக்கிறார். ஒரு நாள் பந்து உருண்டு வந்து காலடியில் நின்றிருக்கிறது. எடுத்துக் கொடுத்திருக்கிறார். வாங்கின பையன் "தேங்க்ஸ்மா" என்று சொல்லிவிட்டு ஓடியிருக்கிறான்.

"அன்னிக்குக் காலைலேருந்து என்கிட்ட யாராவது பேசினது அதுதான். ராத்திரி படுக்கறப்ப யோசிச்சுப் பார்த்தேன், அன்னிக்குன்னு இல்ல, முந்தா நாள்லேருந்தே அது ஒண்ணுதான்."

கண்ணாடிக் கடையில் நாள் பூரா நானும்தான் பேசுகிறேன். "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்டுக்கொண்டே இருப்பது பேச்சில் சேர்த்தியா என்று அப்போது ஒரு யோசனை வந்தது.

"இங்க ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க பாருங்க. 'இந்தா நான் இருக்கேன், எனக்குக் குடு, பின்னால ஆள் வர்றான்'ன்னு. அதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கலாம். நல்லா இருக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார்.

"சொன்னா என்னம்மா? உங்களை யாரும் வர வேணாம்னு சொல்லப் போறதில்ல."

"சொல்ல மாட்டாங்க. ஆனா பின்ன ஏன் வர்றீங்கன்னு கேப்பாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அம்மான்னா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். அதோடு நிற்காமல், அடுத்த மேட்ச் எங்கே எத்தனை மணிக்கு என்றும் சொன்னேன். அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. மேட்ச் முடிந்ததும் அவர் செய்தித்தாளை மடிப்பார்; "புதன்கிழமை மயிலாப்பூர், மூன்றரை" என்று நான் கொடியை மடித்தபடி சொல்லுவேன். அவர் என் நம்பரைக் கேட்டதில்லை, நானும் அவர் பெயரைக் கேட்டதில்லை. இரண்டு சீசன் இப்படியே ஓடியது. தபால் பிரிவில் இருந்த பழக்கமோ என்னவோ, எந்த டீம் எந்த மைதானத்தில் யாரோடு ஆடி எத்தனை கோல் போட்டது என்று ஒரு சீட்டும் இல்லாமல் ஒப்பிப்பார். எனக்கே மறந்துபோனதை அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

ஒரு நாள் மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. ஒரு டீமுக்கு ஆறு பேர்தான் வந்திருந்தார்கள். ஏழு பேராவது இல்லாவிட்டால் மேட்ச் கிடையாது. கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு, எதிர் டீமுக்கு வாக்கோவர், ஆடாமலே வெற்றி, என்று எழுதி முடித்தோம். எல்லாரும் பூட்ஸைக் கழற்றப் போனார்கள். அப்போது ஆள் குறைவாக வந்த டீமின் கேப்டன் அடுத்த டீம் கேப்டனிடம் போய், "மச்சி, உங்க அம்மா மழையில நனைஞ்சிக்கினு வந்துகீறாங்கோ. சும்மா ஒரு அரை மணி ஆடிட்டுப் போலாமா?" என்றான். அவன் 'உங்க டீம் அம்மா' என்ற அர்த்தத்தில் சொன்னது இவன் காதில் மழையில் 'எங்க அம்மா' என்று விழுந்திருக்க வேண்டும். "ஆமா மச்சி, பாவம், ஆடலாம்" என்றான். ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்டு, கணக்கில் சேராத ஒரு மேட்ச் ஆடினார்கள். நான் விசில் ஊதினேன். அவர் குடையை அன்றைக்கு மட்டும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். முடிந்ததும், "எனக்காகவே ஆடின மேட்ச்" என்றார். கண்ணெல்லாம் நனைந்திருந்தது, மழையா வேறா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

இன்னொரு நாள் என்னை ஒருவன் நன்றாகத் திட்டிவிட்டான். வழக்கம்போல என் அம்மாவை இழுத்து. மேட்ச் முடிந்து அந்தம்மா கேட்டார், "உங்க அம்மா இருக்காங்களா?"

"இல்லம்மா."

"நல்லதாப் போச்சு. இதெல்லாம் கேட்டுக்கிட்டிருக்க வேண்டாம்." பையைத் திறந்து கைக்குட்டையில் சுற்றியிருந்த ஆரஞ்சுத் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

இப்படிப்பட்டவரைத்தான் நான் காட்டிக்கொடுத்தேன். காட்டிக்கொடுத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அதைவிட மட்டமான ஒன்றைச் செய்தேன்.

நாலாவது டிவிஷனுக்கு யார் போவது என்று முடிவாகிற கடைசி வார மேட்ச். ஒரு பக்கம் நொச்சிக்குப்பத்துப் பையன்கள், இன்னொரு பக்கம் மந்தவெளிப் பையன்கள். கொடி என் கையில், அந்தம்மா எனக்குப் பக்கத்தில். ஒன்றுக்கு ஒன்று. முடிய இன்னும் பதினோரு நிமிஷம் இருந்தது. குப்பத்து டீமில் வஞ்சிரம் என்று கூப்பிடுகிற ஒரு ஃபார்வர்டு, ஆள் ஓடுகிற வேகத்துக்கு வைத்த பெயர், தனியாகப் பந்தை வாங்கிக்கொண்டு போய் கோல் போட்டான். பந்தை அவனுக்கு அடித்தபோதே அவன் கடைசி டிஃபெண்டரைத் தாண்டி அரை அடி முன்னால் நின்றான். நான் கொடியைத் தூக்கிவிட்டேன். கோல் செல்லாது.

அவ்வளவுதான். பதினோரு பேரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் மேனேஜர், எல்லாரும் மாமா என்று கூப்பிடுகிறவர், கோட்டோரமாக ஓடி வந்தார்.

"இன்னா சார், கண்ணு பூட்ச்சா உனுக்கு? அவங்க டீம் அம்மா பக்கத்துலயே நின்னுக்கினு ஆரஞ்சு துன்னுக்கினு கீற. பின்ன கொடிய எங்களுக்கு எதிராத்தான தூக்குவ?"

மந்தவெளி கேப்டன் குறுக்கே வந்தான். "இன்னா மாமா பேசுற? எங்க டீம் அம்மாவா? அவங்க உங்க ஆளு இல்லியா?"

"எங்க ஆளா? யார்ரா சொன்னது?"

"நாங்க உங்க ஆளுனு நெனச்சிக்கினுதான் இன்னிக்கும் மொத ஆரஞ்சு குடுத்தோம்."

இருபத்திரண்டு பேரும் திரும்பி அந்தம்மாவைப் பார்த்தார்கள். அவர் மடியில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மாமா, குரலைக் குறைத்துக்கொண்டுதான் கேட்டார், மரியாதையாகத்தான் கேட்டார்.

"யாரும்மா நீங்க?"

அந்தம்மா பயந்த கேள்வி கொஞ்சம் வேறு மாதிரியாக வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். உடனே யாரோ பின்னாலிருந்து, "அப்போ லைன்ஸ்மேன் அம்மாவா இருக்கும்டா. சார், உங்க அம்மாவா?" என்றான்.

என்மேல் ஏற்கனவே பாரபட்சம் என்ற பழி நிற்கிறது. ஆமாம் என்றால் பொய், தொலைந்தேன். இவர் எல்லா மேட்சுக்கும் வருவார், நான்தான் நேரம் சொல்லுவேன் என்றால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள். இதெல்லாம் நான் பிறகு யோசித்துச் சேர்த்துக்கொண்ட சமாதானம். அந்த இடத்தில் எனக்கு வந்தது பயம் ஒன்றுதான்.

"இல்லப்பா. யாருன்னே தெரியாது" என்றேன்.

அந்தம்மா எழுந்தார். கல்லை எடுத்து ஓரமாகப் போட்டார், செய்தித்தாளை மடித்தார், மண்ணைத் தட்டினார். அவசரமே இல்லை. "மேட்ச்சை ஆடுங்கப்பா. டைம் போகுது" என்றார், பொதுவாக எல்லாரையும் பார்த்து. என்னைத் தவிர எல்லாரையும். குடையை ஊன்றிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார். மேட்ச் முடிவதற்கு முன்னால் அவர் எழுந்து போனது எனக்குத் தெரிந்து அது ஒரு நாள்தான்.

அதற்கப்புறம் அவர் வரவில்லை. எங்கே எப்போது மேட்ச் என்று சொல்வதற்கு நான் இருந்தேன். யாரிடம் போய்ச் சொல்வது? மேற்கு மாம்பலம் என்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. யாருன்னே தெரியாது என்று நான் சொன்னது ஒரு வகையில் உண்மைதான் என்று நினைத்தபோது என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி, அந்தப் பக்கத் தெருக்களில் சும்மா சுற்றிவிட்டு வந்தேன். பெயர் இல்லாமல் ஒருவரை எப்படி விசாரிப்பது? "மேட்ச் பார்க்க வருவாங்களே, ஒரு அம்மா" என்றால் அந்தத் தெருவில் யாருக்குத் தெரியும்? அவர் அங்கே இருந்து கிளம்பிப் போவதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

மூன்று நாலு மாதம் கழித்து, நடமாட முடியாத ஒரு வாடிக்கையாளருக்குக் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு வரச் சொல்லிக் கடையில் அனுப்பினார்கள். மேற்கு மாம்பலம்தான். திரும்புகிறபோது ஒரு சந்து முனையில், காய்கறி வண்டியோரம் நின்று வெண்டைக்காய் நுனியை ஒடித்து ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார் அந்தம்மா. அதே கைத்தறிப் பை. கிட்டே போய் நின்றேன்.

"அம்மா."

நிமிர்ந்தார். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு நான் அப்படிச் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"அந்த மேட்ச் என்ன ஆச்சு?" என்றார். "எனக்கு முடிவு தெரியாத மேட்ச் அது ஒண்ணுதான்."

"ஒண்ணுக்கு ஒண்ணு. டிராம்மா. பாயிண்ட் கணக்குல ரெண்டு டீமும் மேல போயிடுச்சு."

"ரெண்டு பேருக்கும் நஷ்டம் இல்ல" என்றார். இன்னொரு வெண்டைக்காயை ஒடித்தார். அது முற்றல், ஒடியாமல் வளைந்தது. தனியாக எடுத்து வைத்தார்.

"வெள்ளிக்கிழமை மயிலாப்பூர்ல இருக்கும்மா. மூன்றரை" என்றேன்.

அவர் பொறுக்கி வைத்த வெண்டைக்காயை அள்ளித் தராசில் போட்டார். வண்டிக்காரப் பெண்மணி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தராசைத் தூக்கியபடி கேட்டார், "இன்னாமா, புள்ளையா? ஒருத்தரும் இல்லேன்னு சொன்ன?"

அந்தம்மா பையை விரித்துப் பிடித்து வெண்டைக்காயை வாங்கிக்கொண்டார்.

"பிள்ளை இல்ல. தெரிஞ்சவர்" என்றார்.

எவ்வளவு சின்ன சொல். பொய்யும் இல்லை, யாருக்கும் பாரமும் இல்லை. அன்றைக்கு அத்தனை பேர் நின்று கேட்டபோது நானும் இதையே சொல்லியிருக்கலாம். "தெரிஞ்சவங்கப்பா" என்று சொல்லியிருந்தால் மாமாகூட விட்டிருப்பார். அவர் அங்கேயே, அந்த நாலு கல்லுக்கு நடுவிலேயே இருந்திருப்பார்.

வெள்ளிக்கிழமை அந்தப் பக்கக் கொடியைக் கேட்டு வாங்கினேன். மேட்ச் ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவை ஓடித் திரும்பும்போதும் கேட்டைப் பார்த்தேன். அதில் ஒரு ஆஃப்சைடைக் கோட்டைவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். இடைவேளையில் ஒரு டிஃபெண்டர் ஆரஞ்சுத் துண்டோடு நடுக்கோடு வரைக்கும் வந்து, வெறும் மண்ணைப் பார்த்துவிட்டு நின்றான்.

"சார், அவங்க டீம் அம்மா ஒருத்தங்க வருவாங்களே, இன்னிக்கு வரலியா?"

"வரலப்பா."

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா சார்?"

"ஆமாப்பா" என்றேன். "தெரிஞ்சவங்க."

அவன் அந்தத் துண்டை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.